காரைக்குடிக்கு லிவர்பூல் எப்படி வந்தது?

எங்கள் ஊரில் கால்பந்து ரசிகர்கள் இரண்டு வகை. வீட்டிலிருந்து கிளப்பைப் பெற்றவர்கள் ஒரு வகை, போனிலிருந்து பெற்றவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். அப்பாவோ சித்தப்பாவோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்திருப்பார். லீவில் வரும்போது கோடாலித் தைலம், மைலோ டப்பா, பிளாஸ்கோடு ஒரு சிவப்பு ஜெர்சியும் பெட்டியில் வந்து இறங்கியிருக்கும். இரண்டாவது வகை கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கு முதலில் ரொனால்டோவும் மெஸ்ஸியும் ரீல்ஸில் வந்தார்கள், பின்னாலேயே கிளப் வந்தது. இரண்டு வகையும் சேர்ந்து உட்கார்ந்து சண்டை போடும் இடங்களில் ஒன்று, முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் என் பழைய சாமான் கடை வாசல்.

கடைக்குள் எனாமல் தூக்கு, பித்தளை அடுக்கு, பர்மா தேக்கில் செய்த கண்ணாடிச் சட்டம் எல்லாம் இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து விலை கேட்பார்கள். சாயங்காலமானால் வாசல் பெஞ்சில் மாட்ரிட், மான்செஸ்டர், மிலன் என்று பேச்சு ஓடும். விலை கேட்க வந்த ஒரு வெள்ளைக்காரர் அரை மணி நேரம் நின்று எங்களோடு ஆர்சனலுக்காக வாதாடிவிட்டு ஒன்றுமே வாங்காமல் போனதும் உண்டு.

பார்த்துப் பழகாதவர்களுக்கு இந்த ஆட்டத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 கிளப்புகள். ஒவ்வொரு கிளப்பும் மற்ற 19 கிளப்புகளோடு சொந்த மைதானத்தில் ஒரு தடவை, அவர்கள் மைதானத்தில் ஒரு தடவை ஆட வேண்டும். ஆக 38 மேட்ச். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் 1. செமி ஃபைனல், ஃபைனல் எதுவும் கிடையாது. ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும்போது யாருக்குப் புள்ளி அதிகமோ அவர்தான் சாம்பியன். கடைசி மூன்று இடத்தில் நிற்பவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும், அங்கிருந்து மூன்று பேர் மேலே வருவார்கள்.

இந்த இறக்கம்தான் விஷயமே. 2025 ஐபிஎல்லில் சென்னை அணி பத்தாவது இடத்தில், அதாவது கடைசியில் முடித்தது. அதனால் என்ன, அடுத்த வருஷமும் அதே ஐபிஎல்தான். லெஸ்டர் சிட்டியின் கதை வேறு. 2016ல் உலகமே வாய் பிளக்க சாம்பியன் ஆனார்கள். 2023ல் கீழே இறங்கினார்கள், 2024ல் ஏறினார்கள், 2025ல் மறுபடியும் இறங்கினார்கள். மேலே இருக்கிறவனுக்கு மட்டுமல்ல, பதினேழாவது இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவனுக்கும் ஒவ்வொரு மேட்சும் உயிர்ப் பிரச்சினை. பேசுவதற்கு விஷயம் தீராததும் அதனால்தான்.

இறங்கிய கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1995ல் சாம்பியனான பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை 2010ல் புனேவின் வெங்கீஸ் கோழிக் கம்பெனி வாங்கியது. 2012ல் கிளப் கீழே இறங்கியது. இறக்கம் உறுதியான மேட்சில் கோபக்கார ரசிகர் ஒருவர் கிளப் கொடியைச் சுற்றி ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டுவிட்டார். நாமக்கல்காரர் யாராவது கடைக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன்.

சரி, இதெல்லாம் செட்டிநாட்டுக்கு எப்படி வந்தது? டிவிதான் கொண்டுவந்தது என்பார்கள். என் கணக்கில் டிவிக்கு முன்னாலேயே கப்பல் கொண்டுவந்துவிட்டது. நகரத்தார் சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்திலேயே அந்த ஊரில் வெள்ளைக்காரன் கால்பந்தை ஊன்றிவிட்டிருந்தான். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை நகரத்தார் கட்டியது 1859ல். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை தொடங்கியதே 1871ல்தான். பின்னால் கிட்டங்கிகள் போய்விட்டன. அந்தத் தடத்திலேயே வேறு மாதிரி ஆட்கள் போனார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து ஒர்க் பர்மிட்டில் போன எங்களைப் போன்றவர்கள்.

நான் ஜூரோங்கில் ஷிப்யார்டு வேலைக்குப் போனேன். எங்கள் சூப்பர்வைசர் அந்த ஊரிலேயே பிறந்த தமிழர், பழுத்த லிவர்பூல்காரர். சனிக்கிழமை ராத்திரி கோப்பிக்கடையில் பெரிய டிவி. ஒரு தே தாரிக்கை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். அவர்தான் ஆஃப்சைடு சொல்லிக்கொடுத்தார். ஆறுமுகத்தைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். ஆர். ஆறுமுகம், மலேசிய நாட்டு கோல்கீப்பர், கை நீளத்துக்காக 'ஸ்பைடர்மேன்' என்று பேர் வாங்கியவர். 1988ல் கார் விபத்தில் இறந்துபோனார். சிங்கப்பூருக்கு ஆடிய வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வரைக்கும் போய் ஆடியவர். ஐரோப்பிய கிளப் கால்பந்து எனக்கு இப்படித்தான் அறிமுகம். முதலில் தமிழ்ப் பெயர்கள், அப்புறம்தான் லிவர்பூலின் ஃபௌலரும் ஓவனும்.

1999 மே 26, பார்சிலோனாவில் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். சிங்கப்பூரில் விடிகாலை 2.45 மணி. பேயர்ன் மியூனிக் ஒரு கோல் முன்னால். லிவர்பூல்காரனுக்கு மான்செஸ்டர் யுனைடெட் தோற்பதைவிடப் பெரிய தீபாவளி இல்லை, ஆகவே நாங்கள் ஜெர்மன்காரனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தோம். தொண்ணூறு நிமிஷம் முடிந்து கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் யுனைடெட்டுக்கு ஷெரிங்ஹாம் ஒன்று, சோல்ஷர் ஒன்று. 2-1. சூப்பர்வைசர் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை.

இப்போது போனிலேயே எல்லாம் வந்துவிடுகிறது. ஒன்று மட்டும் வெளியூர் ஆட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இங்கிலாந்தில் சனிக்கிழமை மத்தியானம் 2.45 மணியிலிருந்து 5.15 வரைக்கும் எந்தக் கால்பந்து மேட்சையும் டிவியில் நேரலையாகக் காட்டக் கூடாது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவர் பாப் லார்ட் கொண்டுவந்த யோசனை. டிவியில் காட்டினால் சின்ன கிளப்புகளின் மைதானத்துக்குக் கூட்டம் வராது என்று பயந்தார். இன்றைக்கும் அந்தத் தடை இருக்கிறது. ஆகவே மான்செஸ்டரில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர் பார்க்க முடியாத மூன்று மணி மேட்சை, செக்காலை ரோட்டில் புரோட்டாவுக்குக் காத்திருக்கிறவன் ஏழரை மணிக்கு நேரலையாகப் பார்த்துவிடுகிறான்.

ஜெர்சியும் இப்போது கடல் தாண்டி வர வேண்டியதில்லை. அசல் ஜெர்சிக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். திருப்பூர்ப் பக்கம் தைத்து வருவது சந்தையில் முந்நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. இரண்டு தடவை துவைத்தால் முதுகில் இருக்கும் சலாவின் பெயரில் ஒரு எழுத்து உதிரும், அவ்வளவுதான்.

இனி சண்டைக்கு வருகிறேன். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் கழகம் கண்ட ஊர் இது. வீடணன் போனது சரியா, கும்பகர்ணன் நின்றது சரியா என்று பட்டிமண்டபம் கேட்டு வளர்ந்த காதுகள். 2025 மே மாதம் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு லிவர்பூலை விட்டுப் போகிறேன் என்று அறிவித்ததும், என் கடை வாசலில் பட்டிமண்டபமே கூடிவிட்டது. லிவர்பூலில் பிறந்து, ஆறு வயதில் கிளப்பின் அகாடமியில் சேர்ந்து, அங்கேயே இருபது வருஷம் இருந்த பையன். ஒப்பந்தம் முடியப் போகிறது, அவன் போவது ரியல் மாட்ரிட்டுக்கு. ஒப்பந்தம் முடிந்து போனால் பழைய கிளப்புக்கு விற்ற காசு கிடைக்காது. கிளப் உலகக் கோப்பைக்காக ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பச் சொல்லி மாட்ரிட் கொடுத்த தொகை, அவன் மதிப்புக்கு வெறும் சில்லறை. அதே வருஷம் ஏப்ரலில் சலாவும் வான் டைக்கும் லிவர்பூலோடு புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அவுங்க ரெண்டு பேரும் கும்பகர்ணன்ணே. செஞ்சோத்துக் கடன் கழிச்சாங்க. இவன் வீடணன்" என்றான் பாலிடெக்னிக் தம்பி.

தமிழ் எம்.ஏ. படிக்கிற பெண் ஒருத்தி உண்டு, அவளும் லிவர்பூல்தான். "வீடணன் போனது எதிரிகிட்ட. மாட்ரிட் நமக்கு என்ன எதிரி? மேன்யூவுக்குப் போயிருந்தான்னா நீ சொல்றது சரி. அதோட வீடணன் மொதல்ல அண்ணனுக்குப் புத்தி சொல்லிப் பாத்தான், அண்ணன் வெரட்டுன பிறகுதான் போனான். இவனை யாரும் வெரட்டலையே. அதனால இவன் வீடணனும் இல்லை, ஒண்ணும் இல்லை. வேலை மாறுறவன், அவ்வளவுதான்."

மே 11ஆம் தேதி ஆர்சனலோடு நடந்த மேட்சில் அவன் மாற்று ஆட்டக்காரனாக இறங்கியபோது லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானமே ஊளையிட்டது. சொந்த மண்ணில் சொந்தப் பிள்ளையை ஊளையிடுவது அசிங்கம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மூன்று பேர் டீ கிளாசை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அந்த சீசனில்தான் லிவர்பூல் இருபதாவது லீக் பட்டத்தைக் கைப்பற்றி யுனைடெட்டின் கணக்கைச் சமன் செய்திருந்தது. ஏப்ரல் 27ஆம் தேதி டாட்டன்ஹாமை 5-1 என்று தோற்கடித்த ராத்திரி. 2020ல் பட்டம் வாங்கியபோது கொரோனாவால் மைதானம் காலியாக இருந்தது. 1990க்குப் பிறகு கூட்டத்தோடு கொண்டாடியது அன்றுதான். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் இந்த வழக்கு.

அந்த ஐந்து கோல் வாங்கிய டாட்டன்ஹாமுக்கும் எங்கள் பெஞ்சில் ஒரு ஆள் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார். மச்சினனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கொரியக் கம்பெனியில் வேலை, அங்கே கொரிய மேனேஜர்களெல்லாம் டாட்டன்ஹாமுக்கு ஆடிய தங்கள் நாட்டு சன் ஹியுங்-மின் பெயரைச் சொல்லிச் சொல்லி மச்சினனுக்கு ஒட்டி, அவனிடமிருந்து இவருக்கு ஒட்டியது. 2024-25 சீசனில் டாட்டன்ஹாம் லீகில் 22 மேட்ச் தோற்று பதினேழாவது இடத்தில் முடித்தது. ஒரு இடம் தவறியிருந்தால் இறக்கம். அதே டாட்டன்ஹாம் மே 21ஆம் தேதி பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என்று தோற்கடித்து ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. 2008க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை. பதினாறு நாள் கழித்து, கோப்பை வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர் ஆங்கி போஸ்டகோக்லுவை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

"சார், இது நியாயமா?" என்று வாத்தியார் கேட்டபோது பெஞ்ச் இரண்டாகப் பிளந்தது. அரைப் பரீட்சை முழுக்கக் கோட்டைவிட்ட பையன் ஒரு பேச்சுப் போட்டியில் மெடல் வாங்கினால் பாஸ் போடுவீர்களா என்று எதிர்த்தரப்பு அவர் தொழிலிலேயே கை வைத்தது. போடுவேன் என்றார் வாத்தியார். பதினேழு வருஷம் மெடலே வாங்காத பள்ளிக்கூடமாக இருந்தால் கண்டிப்பாகப் போடுவேன் என்றார். என் ஓட்டு வாத்தியாருக்கு. லீகில் ஐந்தாவது இடம் வந்த வருஷத்தை எந்த ரசிகனும் பேரனிடம் சொல்ல மாட்டான். அந்த யூரோப்பா ஃபைனலில் டாட்டன்ஹாமின் வான் டி வென் கோல் கோட்டில் பறந்து பந்தை வெளியே தள்ளியதைச் சொல்வான்.

யுனைடெட் பையன்களைப் பற்றி அதிகம் எழுதினால் சண்டைக்கு வருவார்கள். அந்த ஃபைனலுக்கு வந்த வழியில் ஏப்ரலில் லியோன் கிளப்போடு ஆடிய மேட்சைப் பற்றி மட்டும். நடுராத்திரி பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. 2-0 என்று முன்னால் போய், 2-2 ஆகி, எக்ஸ்ட்ரா டைமில் 2-4 என்று பின்தங்கி, கடைசி ஏழெட்டு நிமிஷத்தில் மூன்று கோல். மகுவாயர் தலையால் முட்டிய ஐந்தாவது கோல் விழுந்தபோது இங்கே மணி மூன்று. ஹாஸ்டலில் போட்ட சத்தத்தில் வார்டன் திருடன் என்று நினைத்து டார்ச்சோடு ஓடி வந்தாராம். விடிந்தால் புனித வெள்ளி விடுமுறை என்பதால் பிழைத்தார்கள். லீகில் பதினைந்தாவது இடத்தில் முடித்த அணிக்கு அந்த ஒரு ராத்திரிதான் மிச்சம்.

இப்போது தமிழ்ப் பெயர் ஒன்று இங்கிலாந்திலேயே எழுந்திருக்கிறது. விமல் யோகநாதன். ஈழத்துத் தமிழ்க் குடும்பம், பிறந்தது வேல்ஸில் 2006ல், லிவர்பூல் அகாடமியில் இருந்துவிட்டு பார்ன்ஸ்லி கிளப்புக்காக முதன்மை அணியில் இறங்கியவர். அங்கே தொழில்முறையாக ஆடிய முதல் தமிழர் என்று கொண்டாடுகிறார்கள். ரீல்ஸில் வந்த பிள்ளைகளுக்கு இவர் பெயர் தெரியும். மதுரை சேது எஃப்.சி. என்ற பெண்கள் அணி 2019ல் மணிப்பூர் போலீஸை 3-1 என்று ஜெயித்து இந்திய மகளிர் லீகின் சாம்பியன் ஆனது தெரியுமா என்று கேட்டால் முழிக்கிறார்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம்தான். அதற்கு பாஸ்போர்ட் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து என் கடை வாசலில் சண்டை போடுங்கள், டீ என் செலவு.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அன்றிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை நமக்கு ஏழரை மணி மேட்ச் எட்டரைக்கு, பன்னிரண்டரை மணி மேட்ச் ஒன்றரைக்கு.