டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லையா?

பெங்களூருவிலிருந்து நந்தி மலைக்கு சைக்கிளில் போகிறவர்களுக்கு, இறங்கும்போதுதான் பிரேக்கின் நினைவு வருகிறது. லீவரை இறுக்கினாலும் வண்டி நிற்காது; கீச்சென்று கத்திக்கொண்டே அடுத்த வளைவுக்குப் போய்விடும்.

உடனே கம்பியை முறுக்குகிறார்கள். பாதி நேரம் அது வீண் வேலை. சங்கிலிக்குத் தெளித்த எண்ணெய் பின்சக்கரத் தட்டில் பட்டால் போதும், பிரேக் கட்டை அதைக் குடித்துவிடும். விரல் பிசுக்குக்கூட ஆகாது. தட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். (இறங்கிய சூட்டோடு தொட்டால் விரல் வெந்துவிடும்!) கட்டை கண்ணாடிபோல் மினுங்கினால் உப்புத்தாளில் லேசாகத் தேய்க்கலாம். எண்ணெய் ஊறிப்போனதையும், 1 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்ததையும் மாற்றிவிடுவதே நல்லது.

புதுக் கட்டை போட்டவுடன் சரியாகப் பிடிக்காது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சமதரையில் வேகமாக ஓட்டி, முழுக்க நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, இப்படி 20 தடவை செய்தால் பழகிவிடும். அதற்குமுன் மலைப்பக்கம் போகக் கூடாது.

கம்பிக்குப் பதில் எண்ணெயில் இயங்கும் பிரேக்கில் லீவர் பஞ்சுபோல் அமுங்கினால், குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. காற்றை எடுப்பது தெரிந்தவர் செய்யும் வேலை. அவரும் எண்ணெய் மாற்றி ஊற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் கார் பிரேக் எண்ணெயை விட்டால் உள்ளிருக்கும் ரப்பர் ஊதிப்போய், மொத்தமும் மாற்றவேண்டி வரும்.