பாய் கணக்கில் என் பெயர்!

மார்ச் 31 நெருங்கினால் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் ஜுரம் வரும். எங்கள் தி.நகர் ஆபீஸில் ஒருவருக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். சீனியர் அக்கவுண்டன்ட். மயிலாப்பூர், கச்சேரி ரோடு பக்கம் வீடு. முதலாளியிலிருந்து டீ கொண்டு வரும் பையன் வரை அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவோம்.

ஒரு ரம்ஜான் மாதத்து மத்தியானம். நாங்கள் சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வருகிறோம். நோன்பில் இருந்த பாய், கால்குலேட்டரும் ஒரு நீளமான நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். கம்பெனி கணக்கு இல்லை, சொந்தக் கணக்கு. எட்டிப் பார்ப்பது தப்பு. பார்த்தேன். ‘வரவேண்டியவை’ என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது வரியில் என் பெயர்! பக்கத்தில் 20,000.

பகீரென்றது. தங்கை கல்யாணத்துக்குக் கைமாற்றாக வாங்கியது. “அடுத்த போனஸில் தந்துடறேன் பாய்” என்று சொல்லி, இரண்டு போனஸ் வந்து போய்விட்டது.

“என்ன பாய், வசூல் லிஸ்ட்டா?” என்று அசடு வழிந்தேன்.

“சேச்சே... ஜகாத் கணக்கு தம்பி. நீங்க தரவேண்டிய பணத்துக்கும் நான்தானே ஜகாத் கொடுக்கணும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடன் கொடுத்தவர் அந்தக் கடனுக்காகக் கையிலிருந்தும் கொடுப்பதா? ஜகாத் என்றால் ரம்ஜானில் ஏழைகளுக்குப் போடும் பிச்சை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பி.காம். படித்தவனுக்கு அன்றைக்கு பாய் எடுத்த வகுப்பு கொஞ்சம் நீளமானது.

முதலில் அது தர்மமே இல்லையாம். விரும்பிக் கொடுப்பதற்கு சதகா என்று வேறு பெயர் உண்டு. ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்கிறோமே, உமறுப்புலவரை ஆதரித்த அந்தக் கீழக்கரை வள்ளலின் கொடை அந்த ரகம். ஜகாத் அப்படியல்ல. தொழுகை, நோன்பு போல ஐந்து கடமைகளில் ஒன்று. நபிகள் 632-ல் மறைந்ததும், “தொழுகிறோம், ஆனால் ஜகாத் தரமாட்டோம்” என்று சில அரபுக் கூட்டங்கள் கொடி பிடித்தன. முதல் கலீஃபா அபூபக்கர் அவர்கள் மேல் படையெடுத்துப் போனார்.

“ஏழையோட பங்கு நம்ம பணத்துல கலந்து கிடக்கு. அதைப் பிரிச்சுக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்” என்றார் பாய். நம்ம பாஷையில் சொன்னால் பேலன்ஸ் ஷீட்டில் இது செலவுக் கணக்கு இல்லை சார், லயபிலிட்டி!

யார் கொடுக்க வேண்டும்? இங்கேதான் நம்ம உஸ்மான் ரோடு வருகிறது. (1934-ல் மூன்று மாதம் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்த முகமது உஸ்மான் பெயரில் அமைந்த தெரு அது. நகை வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!) 87.48 கிராம் தங்கம், அதாவது ஏறக்குறைய 11 பவுன், அல்லது 612.36 கிராம் வெள்ளி. இதன் மதிப்புக்கு மேல் ஒருவரிடம் இருந்து, ஒரு வருஷம் ஆகிவிட்டால் 2.5 சதவீதம். நபிகள் காலத்தில் இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு. இன்றைக்குப் பல மடங்கு வித்தியாசம். வெள்ளியை வைத்துக் கணக்குப் பார்த்தால் நிறையப் பேர் கொடுக்க வேண்டிவரும், ஏழைக்கு அதிகம் போகும். பாய் வெள்ளிக் கட்சி.

குடியிருக்கும் வீடு, ஓட்டும் வண்டி, தொழில் கருவி எதற்கும் ஜகாத் கிடையாது. ரொக்கம், பேங்க் பணம், தங்கம், வெள்ளி, விற்பதற்காக வைத்திருக்கும் சரக்கு எல்லாவற்றுக்கும் உண்டு. 2015 பட்ஜெட்டில் ஒழித்துக்கட்டிய நம்ம வெல்த் டாக்ஸ் நேர் தலைகீழ். அது காரையும் நகையையும் பிடித்துக்கொண்டு பேங்க் டெபாசிட்டை விட்டுவிடும். அதோடு, 30 லட்சத்துக்கு மேல் உள்ள தொகைக்குத்தான் 1 சதவீதம். ஜகாத்தில் வரம்பைத் தாண்டினால் மொத்தத்துக்கும் போட வேண்டும். கையில் 8 லட்சம், அடைக்கவேண்டிய கடன் 2 லட்சம் என்றால் மீதி 6 லட்சத்துக்கு 15,000. இது ஹனஃபி முறை. ஷாஃபி வழியில் கடனைக் கழிக்க மாட்டார்கள். ஆனால் பெண்கள் வழக்கமாக அணியும் நகையை விட்டுவிடுவார்கள். தமிழ்நாட்டில் இரண்டு வழிக்காரர்களும் இருக்கிறார்கள்.

வருஷம் என்றால் ஏப்ரல் டு மார்ச் இல்லை. பிறைக் கணக்கு, 354 நாள். இங்கிலீஷ் காலண்டரைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் 33 வருஷத்தில் ஒரு முழு ஜகாத் காணாமல் போய்விடும்!

என் வரி மூளை சும்மா இருக்குமா? “வருஷம் முடியறதுக்கு முந்தின நாள் எல்லாத்தையும் வீட்டுல அவங்க பேருக்கு மாத்திட்டா?”

பாய் சிரித்தார். “இன்கம்டாக்ஸ் ஆபீசருக்காவது ராத்திரி தூக்கம் உண்டு தம்பி. மேலே இருக்கிறவனுக்கு அதுவும் இல்லே. தவிர, அவங்க நகைக்கு அவங்கதான் தனியா கணக்குப் பார்க்கிறாங்க.”

யாருக்குக் கொடுப்பது என்பதை குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயமே எட்டு வகையாகச் சொல்லிவிடுகிறது. பரம ஏழை, போதாமையில் தவிப்பவர், வழியில் திண்டாடும் பயணி... இதில் என்னை நிறுத்தியது கடனாளி. கடனில் மூழ்கியவனை மீட்பதற்கென்றே ஒரு பங்கு! அப்பா அம்மா, மனைவி மக்களுக்குத் தரக்கூடாது. அவர்களைக் காப்பாற்றுவது ஏற்கெனவே உன் வேலை. ஏழைத் தம்பி, தங்கைக்குத் தரலாம். தரும்போது இது ஜகாத் என்று சொல்லவேண்டியதில்லை. வாங்குகிறவர் கூச வேண்டாமே!

“என்னை மாதிரி ஆளுக்கு?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கென்றே பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்களாம். சதகாவுக்கு அந்த வேலி கிடையாது. மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் சூஃபிதார் என்று ஓர் இடம். பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த இந்துப் பெரியவர் ஒருவர் தொடங்கியது. அங்கே சமைத்த சாப்பாடு பல பத்தாண்டுகளாக ரம்ஜான் மாதத்தில் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய மசூதிக்கு நோன்பு திறக்கப் போயிருக்கிறது. “அதுக்கு எந்தச் சட்டமும் இல்லே தம்பி. மனசுதான்.”

சரி, என் 20,000? வரும் என்று நம்பிக்கை உள்ள கடனைச் சொத்தோடு சேர்க்க வேண்டும். வாராக்கடன் என்றால் சேர்க்க வேண்டாம். இரண்டு ரம்ஜானாக பாய் என்னை நல்ல கடனில் வைத்து, தடவைக்கு 500 வீதம் எனக்காக 1,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். என் மேல் எனக்கே இல்லாத நம்பிக்கை!

அடுத்த சம்பளம் வரை காத்திருக்கவில்லை. சொசைட்டியில் லோன் போட்டேன். கவரில் 21,000 வைத்து நீட்டினேன். பாய் எண்ணினார். அக்கவுண்டன்ட் ஆயிற்றே, எண்ணாமல் இருப்பாரா! இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை உருவி என் சட்டைப் பாக்கெட்டில் செருகினார்.

“ஜகாத் என் கடமை, அதை நீங்க எப்படிக் கொடுக்க முடியும்? கொடுத்ததுக்கு மேலே வாங்கினா அதுக்குப் பேரு வட்டி தம்பி!”

நோட்டைத் திறந்து மூன்றாவது வரியை ஸ்கேல் வைத்து அடித்தார்.