சினை மாட்டுக்கு இரண்டு மாத ஓய்வு

ஏர் மாட்டைப் பொழுது சாய்ந்தால் அவிழ்த்து விடுகிறோம். கறவை மாட்டுக்கு மட்டும் ஓய்வு தரப் பலருக்கு மனம் வருவதில்லை. சினை முற்றிய நிலையிலும், கிடைக்கும் ஒன்றிரண்டு லிட்டருக்காகக் கன்று ஈனும் வரை கறப்பவர்கள் உண்டு. இது அடுத்த ஈற்றின் வருமானத்தைக் கெடுத்துவிடும்.

மாதக்கணக்கில் பால் சுரந்து தேய்ந்த மடித் திசுக்கள், கறவை நின்ற பிறகே முழுமையாகப் புதுப்பிக்கப்படுகின்றன. இதற்குச் சுமார் 60 நாட்கள் வேண்டும். 40 நாட்களுக்கும் குறைந்தால் அடுத்த ஈற்றில் பால் குறையும். மேலும், வயிற்றிலுள்ள கன்றின் எடை பெரும்பாலும் சினையின் கடைசி மூன்று மாதங்களில்தான் கூடுகிறது. சீம்பாலும் ஈற்றுக்கு முந்திய வாரங்களிலேயே உருவாகிறது. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குச் சீம்பால் வழியாகவே கிடைப்பதால், கடைசி வரை கறப்பது கன்றையும் பாதிக்கும்.

எப்போது நிறுத்துவது?

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். எருமைக்குச் சுமார் 310 நாட்கள். ஜனவரி முதல் தேதி சினை ஊசி போட்ட பசு அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஈனும். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் கறவையை நிறுத்த வேண்டும். எனவே ஊசி போட்ட தேதியைத் தவறாமல் குறித்து வைக்க வேண்டும்.

எப்படி நிறுத்துவது?

ஒரு வாரம் முன்பிருந்தே அடர் தீவனத்தைக் குறைத்து வரவும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. கடைசி நாளில் மடியை முழுவதும் கறந்து, காம்புகளைச் சுத்தம் செய்து, கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி காம்புக்குள் மருந்து செலுத்த வேண்டும். சில நாட்களுக்கு மடி கனத்து நிற்கும். பயந்து மீண்டும் கறந்தால் பால் மறுபடி சுரக்கும். விட்டுவிட்டால் தானே வற்றிவிடும். மடி சிவந்து, சூடாகி, தொட்டால் மாடு உதைத்தால் மடிநோயாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டவும்.

பால் வற்றிய மாடுதானே என்று வெறும் வைக்கோலைப் போடக் கூடாது. மடி வற்றியபின் பசுந்தீவனத்துடன் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ அடர் தீவனம் கொடுக்கவும்.

ஒரே மாட்டை நம்பியுள்ள குடும்பத்துக்கு இரண்டு மாதம் பால் காசு இல்லாதது சிரமமே. இரண்டு மாடு வைத்திருப்போர், இரண்டும் ஒரே சமயத்தில் வற்றாதபடி சினை ஊசியை இடைவெளி விட்டுப் போட்டுக் கொள்ளலாம். எப்படியாயினும் கணக்கைப் பார்க்க வேண்டும். தினம் 2 லிட்டர் வீதம் 60 நாள் கறந்தால் கிடைப்பது 120 லிட்டர். அதனால் அடுத்த ஈற்றில் தினம் ஒரு லிட்டர் குறைந்தாலும், 300 நாளில் நஷ்டம் 300 லிட்டர்.