புதன்கிழமை நர்ஸம்மா

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகும் இளம் தாய்மார்களுக்குப் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். அரை நாள் சம்பளம் போனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

"ஓயாத அழுகைச் சத்தம், இதில் உங்களுக்கு என்னங்க திருப்தி?" என்று எங்கள் பகுதி சுகாதார நர்ஸிடம் கேட்டேன்.

"ஆறாம் வாரத்து ஊசிக்கு ஊரையே கூட்டின குழந்தை, ஒன்பதாம் மாசம் தட்டம்மை ஊசிக்கு வந்து என் மூக்குக்கண்ணாடியைப் பிடிச்சு இழுக்குமுங்க. அது போதாதுங்களா?" என்று சிரித்தார்.

இப்போது ஒடிசா, பீகார் பெண்களும் வருகிறார்கள். பாஷை தெரியாது. எடைத் தராசைக் காட்டி, போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறது என்று விரலால் ஜாடை செய்தால், தாய் முகம் மலர்ந்துவிடுமாம். (நமக்கோ ஊறுகாய் பாட்டிலைத் திறந்தாலே யாராவது பாராட்ட வேண்டும்!)

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக நோய் வந்தது 2011 ஜனவரியில். ஐஸ் பெட்டியைச் சுமந்து தெருத் தெருவாய் நடந்த இவர்களைப் போன்றவர்களின் கால்வலியும் அதற்குள் இருக்கிறது.

அவர் சொல்லச் சொன்னது: ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். வீடு மாறும்போது பாத்திரம் பண்டத்தோடு தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.