கௌ என்றால் எவ்வளவு கௌ?

பினாங்கு ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் ஓர் ஒட்டுக்கடை. 'தே தாரிக், கௌ' என்கிறோம். கெட்டி என்பதற்குப் பினாங்குக்காரர் நாக்கில் ஊறிய ஹொக்கியன் சொல். இந்தக் கடையில் கௌ என்றால் தொண்டைவரை கடுக்கும்; இரண்டு கடை தள்ளிப் போனால் அதே சொல்லுக்கு மிதமான தேநீர்தான் வரும். அவரவர் கையளவு. அல்சைமர் நோயாளியின் மூளையைப் படமெடுத்து அளப்பவர்களுக்கும் நெடுநாள் இதே தொல்லை.

இந்த நோயில் அமிலாய்ட் என்ற புரதம் மூளையில் படிகிறது, கெண்டிக்குள் தேயிலைக் கறை ஏறுவதுபோல. அதில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றி 'பெட்' ஸ்கேன் எடுத்தால், கறையுள்ள இடம் ஒளிரும். கறை அதிகம் சேராத சிறுமூளையைவிட அது எத்தனை மடங்கு ஒளிர்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

முதலில் பரவிய மருந்து, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 'பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி'. அதிலுள்ள கார்பன்-11 இருபதே நிமிடத்தில் பாதியாகிவிடும். செய்த இடத்திலேயே போட்டால்தான் உண்டு. பிறகு, பாதியாவதற்கு 110 நிமிடம் எடுக்கும் ஃபுளோரின்-18 கலந்த மருந்துகள் வந்தன. ஒவ்வொன்றும் ஒட்டும் விதம் வேறு. ஒரே மூளைக்கு ஒரு மருந்தில் 2 மடங்கு என்றும், இன்னொன்றில் 1.6 என்றும் வரலாம். எதை நம்புவது?

2015-இல் ஆய்வாளர் வில்லியம் கிளங்க் குழுவினர் ஒரு வழி சொன்னார்கள். பிட்ஸ்பர்க் மருந்தில் 45 வயதுக்குட்பட்ட நலமானவர்கள் 34 பேரின் சராசரியை 0 என்று வைத்தார்கள். அல்சைமர் நோயாளிகள் 45 பேரின் சராசரியை 100 என்று வைத்தார்கள். நூறையும் அமிலாய்டையும் சேர்த்து 'சென்டிலாய்ட்' என்று பெயரிட்டார்கள். புது மருந்து வந்தால், அதே ஆட்களுக்குப் பழையதையும் புதியதையும் தனித்தனியே போட்டுப் படமெடுத்து, புதியதன் கணக்கைப் பழையதன் கணக்குக்கு மாற்றும் வாய்பாட்டைக் கண்டுகொள்ளலாம். கறையை நீக்கும் டொனானெமாப் மருந்தின் சோதனையில் 24.1-க்குக் கீழே போனால் கறை நீங்கியது என்று எல்லை வகுக்க முடிந்தது இந்த அளவுகோலால்தான்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறோம். '60 என்றால் நூற்றுக்கு அறுபது நினைவு போய்விட்டதா?' இல்லை. 0, 100 இரண்டும் சராசரிகள்தாம், எல்லைகள் அல்ல. 0-க்குக் கீழேயும் 100-க்கு மேலேயும் ஆட்கள் உண்டு. அது அளப்பது கறையை, மறதியை அல்ல. மறதி தொடங்குவதற்குப் பத்து, பதினைந்து வருடம் முன்பே கறை படியத் தொடங்கிவிடும். கறையோடு தெளிவாகப் பேசி, கணக்குப் பார்த்து வாழும் முதியவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே வீட்டுப் பெரியவர் ஒருவரின் அறிக்கையில் இந்த எண்ணைப் பார்த்தால், அதை வைத்தே அவர் நிலையை முடிவு செய்துவிடாதீர்கள். அவரோடு உட்கார்ந்து பேசி, நினைவைச் சோதித்த மருத்துவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.