கொடி எரிப்பும் மூன்றாண்டுச் சிறையும்

புதுதில்லி: தனித் தெலங்கானா அமைக்கும் நடவடிக்கை தொடங்கும் என 2009 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மத்திய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் தில்லியில் அறிவித்தார். ஒன்றுபட்ட ஆந்திரம் கோரித் திருப்பதியில் ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழக மாணவர்கள் வீதிக்கு வந்தனர். 2013 ஜூலை இறுதியில் காங்கிரஸ் காரியக் கமிட்டி தெலங்கானாவுக்கு ஒப்புதல் அளித்த பின்னர், திருப்பதியும் சித்தூரும் மீண்டும் கொந்தளித்தன. டயர்களும் தலைவர்களின் கொடும்பாவிகளும் எரிந்தன. 2014 போகியன்று, ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்பு மசோதாவின் நகல்களைச் சீமாந்திரத்தின் பல ஊர்களில் பழைய பொருள்களோடு சேர்த்துத் தீயிலிட்டனர். அப்போது முதல்வராக இருந்த கிரண்குமார் ரெட்டி, எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சந்திரபாபு நாயுடு ஆகிய இருவருமே சித்தூர் மாவட்டத்துக்காரர்கள்.

கொடும்பாவி எரிப்பையும் மசோதா எரிப்பையும் தனிக் குற்றமாகக் கருதும் சட்டம் நாட்டில் இல்லை. சாலை மறியல், சட்டவிரோதக் கூட்டம், தீயைக் கவனக்குறைவாகக் கையாளுதல் போன்ற பொதுப் பிரிவுகளில்தான் வழக்குத் தொடர முடியும். அதே போகித் தீயில் ஒருவர் காகிதத்தில் அச்சிட்ட மூவண்ணக் கொடியை இட்டிருந்தால் நிலைமை வேறு. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மசோதாவுக்குப் பதிலாக, அந்த மசோதாவைக் கொண்டுவர அதிகாரம் தந்த அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு அச்சான பக்கத்தை எரித்திருந்தாலும் அதே தண்டனைதான். இந்த வேறுபாடு சரியானதா என்பதே கேள்வி.

1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், வங்கதேசப் போர் முடிந்த ஒரே வாரத்தில், டிசம்பர் 23-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ தேசியக் கொடியை அல்லது அரசமைப்புச் சட்டத்தை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, சொல்லாலோ செயலாலோ அவமதிப்பது குற்றம் என்கிறது அதன் 2-ஆவது பிரிவு. கொடியின் படமும் ஓவியமும்கூடக் கொடியாகவே கொள்ளப்படும். நேர்மையான விமர்சனத்தைத் தடுப்பது நோக்கமன்று என மசோதாவின் நோக்க விளக்கத்தில் அரசு கூறியது. அரசமைப்பைத் திருத்தவோ கொடியை மாற்றவோ சட்டவழியில் முயலும் நோக்கோடு கண்டனம் தெரிவிப்பது குற்றமாகாது என்ற விளக்கமும் அப்பிரிவிலேயே உள்ளது. ஆக, கொடி பிடிக்கவில்லை என்று பேசலாம், எழுதலாம். தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாது.

எரிப்பது என்ற செயல் மட்டுமே குற்றம் என்றும் சொல்வதற்கில்லை. சிதைந்து, சாயம்போன கொடியைத் தனிமையில், மரியாதை குறையாமல், முழுமையாக அழிக்க வேண்டும். எரிப்பது விரும்பத்தக்கது என்று 2002-ஆம் ஆண்டின் கொடிச் சட்டத்தொகுப்பே சொல்கிறது. 2022-இல் வீடுதோறும் கொடி ஏற்றிய கோடிக்கணக்கானவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்களோ! ஒரே துணி, ஒரே தீ. வீட்டுக்குள் மரியாதை, தெருவில் குற்றம். அப்படியானால் சட்டம் தண்டிப்பது தீயை அன்று. அந்தத் தீ பார்ப்போருக்குச் சொல்லும் செய்தியை.

சட்டம் இல்லாதபோது எரியாத கொடி: இவ்விஷயத்தில் தமிழகத்துக்கு உள்ள அனுபவம் வேறு எந்த மாநிலத்துக்கும் இருக்குமா என்பது ஐயமே. இந்தித் திணிப்பைக் கண்டித்து 1955 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தேசியக் கொடியை எரிக்கப் போவதாகப் பெரியார் ஈ.வெ.ரா. அறிவித்தார். கொடி எரிப்பைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் அன்று இல்லை. 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் வணிக நோக்கிலான பயன்பாட்டைத்தான் தடுத்தது. கிளர்ச்சி தொடங்க இரண்டு நாள்களே இருந்த நிலையில், இந்தி கட்டாயமாக்கப்படாது என முதல்வர் காமராஜர் உறுதியளித்தார். பெரியார் போராட்டத்தை ஒத்திவைத்தார். கொடி எரியவில்லை.

இரண்டாண்டு கழித்து நடந்தது இதற்கு நேர்மாறு. சாதிக்குப் பாதுகாப்பளிக்கும் பிரிவுகள் அரசமைப்புச் சட்டத்தில் இருப்பதாகக் கூறி, அவற்றை நீக்காவிட்டால் 1957 நவம்பர் 26-ஆம் தேதி அதை எரிப்பதாகத் தஞ்சை மாநாட்டில் திராவிடர் கழகம் முடிவெடுத்தது. இம்முறை அரசு கோரிக்கைக்குப் பதில் சொல்லவில்லை, சட்டம் கொண்டுவந்தது. அதே நவம்பரில் சென்னை சட்டப்பேரவையில் நிறைவேறிய தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு வழிசெய்தது. ஆனால், குறித்த நாளில் தமிழகமெங்கும் சட்ட நூல் எரிந்தது. ஏறத்தாழ 3,000 பேர் கைதாயினர் என்பது கழகத்தின் கணக்கு. நீதிமன்றத்தில் பலர் எதிர்வழக்காடவில்லை. எரித்தேன் என ஒப்புக்கொண்டு சிறை சென்றனர். சிலர் சிறைக்குள்ளேயே உயிரிழந்தனர்.

அந்தச் சட்டம் சென்னை மாநிலத்துக்கு மட்டுமே உரியது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரத்தோடு சேர்ந்துவிட்ட சித்தூரும் திருப்பதியும் அதன் எல்லைக்கு வெளியே இருந்தன. திருப்பதி யாருக்கு, திருத்தணி யாருக்கு என ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம் நடந்த காலம் அது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் தஞ்சையும் ஒரே மாகாணமாக இருந்த நிலை மாறி நான்கே ஆண்டுகளில், தஞ்சையில் மூன்றாண்டுச் சிறைக்குரியதாகிவிட்ட ஒரு செயலுக்குச் சித்தூரில் அந்தச் சட்டம் இல்லை. 1971-இல் மத்தியச் சட்டம் வந்த பின்னர்தான் நாடெங்கும் ஒரே விதி நிலைபெற்றது.

சட்டம் வந்த பிறகும் தமிழகத்தில் கதை முடியவில்லை. ஆட்சிமொழி பற்றிய 17-ஆவது பகுதியை எரிக்கும் போராட்டத்துக்காக 1963 நவம்பரில் அண்ணா கைது செய்யப்பட்டு, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1986-இல் அதே பகுதியின் நகல்களை எரித்ததற்காக க. அன்பழகன் உள்ளிட்ட பத்து தி.மு.க. உறுப்பினர்கள் சட்டப்பேரவை உறுப்பினர் பதவியை இழந்தனர். 1955-ஐ இவற்றோடு ஒப்பிட்டால் தெரிவது இதுதான்: தீயைத் தடுத்தது காமராஜரின் வாக்குறுதி. சட்டம் தடுக்கவில்லை, எரித்தவர்களைச் சிறைக்கு அனுப்பியது, அவ்வளவே.

கொடியின் மதிப்பு: எரிப்பதை ஆதரிக்காதவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதன்று. 1947 ஜூலை 22-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நேரு கொடித் தீர்மானத்தை முன்மொழிந்தபோது, அதன் நிறங்களுக்கும் சக்கரத்துக்கும் பொருள் விளக்கி உரையாற்றியவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றவர். அந்த அவையில் அமர்ந்து அரசமைப்புச் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவர் திருப்பதியை அடுத்த திருச்சானூரைச் சேர்ந்த அனந்தசயனம் அய்யங்கார். 1957-இல் சட்ட நூல் எரிந்தபோது அவர் மக்களவைத் தலைவர், சித்தூர்த் தொகுதி உறுப்பினர். தேசிய கீதத்தைத் தாகூர் 1919-இல் ஆங்கிலத்தில் ஆக்கித் தந்ததும் அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில்தான். இந்த மண்ணின் பல குடும்பங்களில் கொடி என்பது போர்முனையிலிருந்து திரும்பிய சவப்பெட்டியின் மேல் போர்த்தியிருந்த துணி. அதைத் தெருவில் கொளுத்தும்போது புண்படுவது ஆட்சியாளர்கள் மட்டுமல்லர். கொடி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்பதால்தான் அதை எரிப்பது எல்லாரையும் சுடுகிறது. மதக் கலவரச் சூழலில் ஒரு கொடி எரிப்பு ஊரையே எரித்துவிடும் ஆபத்தும் உண்டு.

இவையெல்லாம் உண்மை. ஆனாலும் புண்படுதல் வேறு, குற்றம் வேறு. பேச்சுரிமைக்கு அரசமைப்பின் 19(2) பிரிவு அனுமதிக்கும் கட்டுப்பாடுகளில் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு ஆகியன உள்ளன. தேசிய கௌரவம் என்ற சொல் அதில் இல்லை. கொடியை மதிப்பது 1976-இல் சேர்க்கப்பட்ட 51-ஏ பிரிவின்படி அடிப்படைக் கடமை. கடமையை மீறினால் சிறை என்று அப்பிரிவு சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றம் இக்கேள்வியின் வாசல் வரை வந்திருக்கிறது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் தொடர்ந்த வழக்கில், கொடியை மரியாதையோடு ஏற்றுவது கருத்துவெளிப்பாட்டு உரிமையில் அடங்கும் என 2004 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 1950, 1971 சட்டங்களின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டதே அவ்வுரிமை என்றும் கூறியது. ஏற்றுவது கருத்து என்றால் எரிப்பதும் கருத்துத்தானே என்று கேட்பவர்களுக்கு அத்தீர்ப்பில் சாதகமான விடையில்லை. ஆனால், அவமதிப்பு எது என்பதில் நீதிமன்றங்கள் நிதானம் காட்டியுள்ளன. தேசிய கீதம் பாடாமல் எழுந்து நின்ற கேரள மாணவர்கள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு கூறியது. 2013 கிறிஸ்துமஸ் விழாவில் கோவையில் மூவண்ணக் கேக் வெட்டிய விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. அதில் அவமதிக்கும் நோக்கம் இல்லை என 2021 மார்ச்சில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கேக் வழக்குக்கு ஏழாண்டு ஆனது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வாசலைத் தாண்டியது. 1984-இல் டல்லாஸ் நகரில் கொடியை எரித்தவரைத் தண்டித்தது செல்லாது என 1989-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் உடனே புதுச் சட்டம் இயற்றியது. 1990-இல் அதுவும் வீழ்ந்தது. தீர்ப்பை முறியடிக்க அரசமைப்பைத் திருத்தும் முயற்சி 2006-இல் செனட்டில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் கொடி எரிப்போர் மீது வேறு சட்டங்களின் கீழாவது வழக்குத் தொடர உத்தரவிட்டார். ஜெர்மனியிலோ நம்மைப் போலவே மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஜனநாயக நாடுகள் இதில் ஒரே வழியில் செல்லவில்லை.

தேர்தலில் நிற்க முடியாது: அரசியல்வாதிகள் கவனிக்க வேண்டிய கூர்மையான விதி 1971 சட்டத்துக்கு வெளியே, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(1) பிரிவில் உள்ளது. கொடியையோ அரசமைப்பையோ அவமதித்த குற்றத்துக்கு வெறும் அபராதம் விதிக்கப்பட்டாலும் ஆறாண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது. சிறை என்றால், விடுதலையான பிறகும் ஆறாண்டுகள். பல குற்றங்களில் இரண்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டால்தான் தகுதியிழப்பு வரும். இதில் அபராதமே போதும். இந்த விதி 1963-இல் இருந்து, அண்ணா பெற்ற தண்டனைக்கும் பொருந்தியிருந்தால், 1967 தேர்தலில் அவர் தென்சென்னையில் வேட்புமனுவே தாக்கல் செய்திருக்க முடியாது. பெரியாருக்குத் தேர்தல் கவலை இல்லை, மற்றவர்களுக்கு உண்டு.

தண்டனையின் அளவும் யோசிக்கத்தக்கது. இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலையில் வழக்கொழியும் வரை, கவனக்குறைவால் ஓர் உயிரைப் போக்கியவருக்கு உச்சபட்சமாக இரண்டாண்டுச் சிறைதான். கொடிப் படத்தை எரித்தவருக்கு மூன்றாண்டு. இலங்கை, அமெரிக்க, சீனக் கொடிகள் இந்திய நகரங்களில் எரிக்கப்பட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அவற்றை 1971 சட்டம் தொடுவதில்லை; பொது ஒழுங்குப் பிரிவுகளே போதுமென அரசு இருந்துவிடுகிறது. போதும் என்றால், நம் கொடிக்கும் அவை ஏன் போதா?

முதற்படியாக, அரசமைப்புச் சட்ட நூலைக் கொடியிலிருந்து பிரிக்கலாம். கொடிக்கு வாதம் கிடையாது. அரசமைப்பு நூறு முறைக்கு மேல் திருத்தப்பட்ட, இன்றும் விவாதத்துக்குரிய ஆவணம். அதன் ஒரு பகுதியை எதிர்ப்பவர் எப்படி எதிர்க்க வேண்டும் என்பதைச் சிறை வாசல் தீர்மானிக்கக் கூடாது. கொடியைப் பொறுத்தவரை, கலவரத்தைத் தூண்டும் எரிப்பைத் தண்டிக்கப் பொதுச் சட்டம் இருக்கிறது. வெறும் கண்டனமாக எரிப்பவருக்குச் சிறையும் தேர்தல் தடையும் வேண்டியதில்லை.

இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை. நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். எந்த ஆடையிலும் கொடியைப் பயன்படுத்தக் கூடாதென 2003-இல் இச்சட்டத்தை இறுக்கிய நாடாளுமன்றம், இடுப்புக்கு மேல் அணியலாம் என 2005-இல் தளர்த்தியது. ஆடைக்காக இரண்டே ஆண்டில் திருத்தம் வந்தது. எரிப்பு பற்றிய வாசகம் 1971-இல் எழுதியபடியே இருக்கிறது.