கண்ணில் படாத பாம்புதான் கடிக்கிறது

வரப்பின் குறுக்கே ஒரு சாரை ஓடினால் போதும். கம்பு எங்கே, கல் எங்கே என்று வயலே அமளிப்படும். அதே வரப்போரம், காய்ந்த புல்லுக்கும் சருகுக்கும் நடுவே அசையாமல் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஓடிய சாரைக்கு நஞ்சில்லை. கிடந்த விரியனை மிதித்தவர் உயிருக்குப் போராட வேண்டியிருக்கும். நாம் கண்டு நடுங்கும் பாம்பு பெரும்பாலும் விலகிப் போய்விடுகிறது. பார்க்காமல் கால் வைத்த இடத்தில், கை நீட்டிய இடத்தில் இருந்த பாம்புதான் கடிக்கிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் இதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், பாம்புக்கடி என்று வந்தவரைப் பற்றி சுகாதாரத் துறைக்குத் தகவல் தர வேண்டும்.

நான்கும் நான்கு விதம்

நம் ஊர்ப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. உயிர்ப்பலிகளில் பெரும்பகுதிக்கு நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்குமே காரணம்.

இவற்றில் நல்ல பாம்பு எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கும் என்று ஓரளவு சொல்லலாம். படம் எடுத்துச் சீறி, விலகிப்போக நேரம் கொடுக்கும். எலி வளை, வைக்கோல் போர், இடிந்த சுவர் ஆகியவை அதன் இருப்பிடங்கள். அதன் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பைத் தடுக்கிறது. இமை சரியும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும்.

கண்ணாடி விரியன் ஓடாது. மண் நிறத்து உடலில் சங்கிலிபோல் கோத்த மூன்று வரிசை வட்டங்களே அதன் மறைவிடம். நெருங்கினால் குக்கர் விசில் போல உரக்கச் சீறும். ஆனால் அறுப்பு வேலையின் சத்தத்தில் அது காதில் விழ வேண்டுமே. எலியைத் தேடி வயலுக்கு வரும் இது, கதிர் அறுக்கக் குனிந்தவரின் கையிலும் களை எடுப்பவரின் காலிலும் கடிக்கிறது. கடித்த இடம் வீங்கி வலிக்கும்; இரத்தம் உறையும் தன்மையை இழக்கும்; ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வரும்; சிறுநீரகம் செயலிழக்கும். உயிர் பிழைத்தும் டயாலிசிஸுக்கு அலைபவர்கள் உண்டு.

சுருட்டை விரியன் சிறியது. வறண்ட, கல் நிறைந்த பொட்டல் காடுகளில் வாழும். செதில்களை ஒன்றோடொன்று உரசி அரம் தேய்ப்பது போல ஒலி எழுப்பும். சின்னப் பாம்புதானே என்று அலட்சியம் காட்டினால் ஆபத்து. இதன் நஞ்சும் இரத்தத்தைத்தான் தாக்குகிறது.

கட்டுவிரியனைச் சந்திக்கக் காடு கழனிக்குப் போக வேண்டியதில்லை. பகலில் மந்தமாக இருக்கும் இந்தப் பளபளக்கும் கறுப்புப் பாம்பு, இரவில் இரை தேடி வீட்டுக்குள்ளும் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குபவர் புரண்டு படுக்கையில் கடிபடுகிறார். பல் சிறியது என்பதால் தடம் தெரியாது; வலியும் வீக்கமும் அநேகமாக இருக்காது. நள்ளிரவில் வயிற்று வலி, வாந்தி வரும். இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கஷாயம் கொடுப்பார்கள். விடியும்போது கண்ணைத் திறக்க முடியாது. தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாமல் வயிறு வலித்து இமை சரிந்தால், கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடி என்றே கருத வேண்டும்.

காலும் கையும் போகும் இடம்

பார்க்காததுதான் ஆபத்து என்றால், பார்ப்பதுதான் முதல் பாதுகாப்பு. இருட்டில் கொல்லைப்புறம் போனாலும், நீர் பாய்ச்ச மோட்டார் போடப் போனாலும் கையில் டார்ச் இருக்கட்டும். வயலில் முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ் அணிவது காலில் படும் கடிகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும். விறகு அடுக்கு, செங்கல் குவியல், தேங்காய் மட்டை, வைக்கோல் ஆகியவற்றில் கை விடுவதற்கு முன் கம்பால் ஒருமுறை தட்டிக் கிளறுங்கள். மலையேறப் போகிறவர்கள் விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டிக் குதிக்காமல், அதன்மேல் ஏறி மறுபுறம் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். பாறை இடுக்கைப் பிடித்து ஏறும்போதும் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

கட்டுவிரியனுக்குக் கட்டிலும் கொசுவலையும்தான் மருந்து. கட்டில் இல்லாவிட்டால், வலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிக்கொள்ளலாம். வீட்டைச் சுற்றி எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

பாம்பைப் பார்த்துவிட்டால் பின்வாங்குங்கள், அவ்வளவுதான். அடிக்கவோ பிடிக்கவோ முயல்வது கடியை வலிய அழைப்பது. வீட்டுக்குள் வந்திருந்தால் தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள்.

கடித்துவிட்டால்

இறுகக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எல்லாமே தீங்கு. இறுக்கிக் கட்டினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சு ஓரிடத்தில் தேங்கித் தசையை அழுக வைக்கும். அவிழ்த்ததும் தேங்கிய நஞ்சு மொத்தமாக உடலுக்குள் பாயும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் ஆகியவற்றை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்த காலை எப்படிக் கையாள்வோமோ, அப்படியே கடிபட்ட கை காலை மட்டை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. இந்தியாவில் தரப்படும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அறிகுறியைப் பார்த்துத்தான் மருத்துவர் சிகிச்சை தருகிறார். கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைக்கிறார்கள். சாய்த்துப் பார்க்கும்போது உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது என்று பொருள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது.

மருந்தின் அளவுக்கும் கணக்கு உண்டு. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் நஞ்சைச் செலுத்துகிறது. ஒரு குப்பி மருந்து அதில் 6 மில்லிகிராமை முறிக்கும். எடுத்ததுமே 8 முதல் 10 குப்பி ஏற்றுவது அதனால்தான். குழந்தைக்கும் அதே அளவுதான். ஆள் சிறியவர் என்பதற்காகப் பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை.

குப்பிக்குப் பின்னால் இருப்பவர்கள்

இந்த மருந்து தயாரிப்பின் முதல் கட்டம் மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள வடநெம்மேலியில் இருக்கிறது. தோல் வணிகத்துக்குப் பாம்பு பிடித்துவந்த இருளர் பழங்குடியினர், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பிழைப்பை இழந்தார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978-இல் அவர்களுக்கான பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிடித்த பாம்பிலிருந்து நஞ்சு எடுத்து, சில வாரங்களில் பாம்பைக் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் மருந்து தயாராகிறது. மண்ணில் பதிந்த தடத்தையும் உரித்த சட்டையையும் பார்த்து, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பாம்பை இருளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தத் திறமைக்குத்தான்.

மருந்துக்கு எல்லை உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு எதிராக அது தயாரிக்கப்படவில்லை. ஒரே இனத்தின் நஞ்சும் ஊருக்கு ஊர் மாறுவதால், தமிழ்நாட்டு நஞ்சில் உருவான மருந்து வட மாநிலங்களில் அதே வீரியத்தோடு வேலை செய்வதில்லை. கட்டுவிரியன் நஞ்சு நரம்பு நுனியைச் சிதைத்தபின் மருந்தால் அதைச் சரிசெய்யவும் முடியாது. அப்போது நரம்பு தேறும்வரை செயற்கைச் சுவாசம்தான் உயிரைத் தாங்கும்.

எனவே, தாமதம்தான் பாம்பைவிடப் பெரிய எதிரி. விஷமுறிவு மருந்து உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் இருக்கிறதா, இரவில் மருத்துவர் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்த மருத்துவமனை எது என்பதை இந்த வாரமே விசாரித்து வையுங்கள். மருந்து இல்லை என்றால் கிராம சபையில் கேளுங்கள். யாரையாவது கடித்தபின் இந்தக் கேள்விகளைக் கேட்க நேரம் இருக்காது.